ஒரு நாள் தூங்கிய தண்ணீர்

அவருக்கு வாட்ஸ்அப்பில் 'குட் மார்னிங்' அனுப்பினால் பதில் மறுநாள் காலையில்தான் வரும். ரோஜாப்பூ படத்தோடு, முழு மரியாதையோடு வரும். ஆனால் மறுநாள்தான் வரும்.

"நேத்து அனுப்பினதுக்கு இன்னிக்கா பாய்?" என்று கேட்டால், "நேத்தே பாத்துட்டேன் சார். கொஞ்சம் தூங்கட்டும்னு வுட்டேன்" என்பார்.

குட் மார்னிங்குக்கு எதற்கய்யா தூக்கம் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவர் சிரிக்க மாட்டார். நான் ஏதோ நியாயமான சந்தேகம் கேட்டதுபோல யோசித்துக்கொண்டே போய்விடுவார். அந்தச் சந்தேகத்துக்கும் மறுநாள் பதில் வரலாம்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தோல் கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் முன்னாபீஸில் தொலைபேசிக்கும் கேட் பாஸுக்கும் பொறுப்பு. அவர் டிரம் மேஸ்திரி. டிரம் என்றால் ஒரு அறை அளவுக்குப் பெரிய மரப்பீப்பாய். அதற்குள் தோலையும் தண்ணீரையும் குரோம் மருந்தையும் போட்டு மணிக்கணக்கில் சுழற்றுவார்கள். வெளியே வரும்போது தோல் வெளிர்நீலமாக இருக்கும். அந்த நீலம் அவருடைய நகக்கண்ணிலும் தங்கிவிட்டது. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், ஒல்லி, எப்போதும் கம்பூட்ஸ். நடக்கும்போது பூட்ஸுக்குள் தண்ணீர் களக் களக் என்று பேசும்.

டிரம்மிலிருந்து எடுத்த தோலை உடனே அடுத்த மிஷினுக்கு அனுப்பக்கூடாது. ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். அப்போதுதான் மருந்து தோலுக்குள் ஊறி நிற்கும். எல்லாத் தோல் கம்பெனியிலும் உள்ள வழக்கம்தான் இது. ஆனால் மற்ற மேஸ்திரிகள் ஷீட்டை வீசிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் நாலு மூலையையும் இழுத்துச் செருகி, அடுக்கின்மேல் உள்ளங்கையை வைத்து, "தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

ஒருமுறை அவசர ஆர்டர் வந்தது. மேனேஜர் வந்து, இன்றைய தோலை இன்றே, தோலைச் சீவி மெலிதாக்கும் ஷேவிங் மிஷினுக்கு அனுப்பச் சொன்னார். பாய் வாதாடவில்லை. போர்த்திய அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எழுந்துருய்யா."

"தூங்குதுங்க சார்."

"தோலு தூங்குதா, நீ தூங்குறியா?"

மொத்த ஷெட்டும் சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் தூக்க மேஸ்திரி. மேனேஜர் மறுநாள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த வியாதி தோலோடு நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு கடைக்காரர், சைக்கிளை நிறுத்திய தகராறில் இவரைக் கன்னாபின்னாவென்று திட்டியிருக்கிறார். இவர் வாயைத் திறக்காமல் வந்துவிட்டார். மறுநாள் அதே நேரத்துக்குப் போய், "நேத்து நீங்க கேட்டதுக்கு பதில் சொல்லலாம்னு வந்தேன்" என்றாராம். கடைக்காரருக்கு நேற்று என்ன கேட்டோம் என்பதே மறந்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பிறகு டீயிலும் ஒரு கதை உண்டு. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் வாடை அடிக்கும். அதனால் அவர் மாடிப்படிக்கு அடியில் இரண்டு பக்கெட் நிறையப் பிடித்து, துணி மூடி, ஒரு நாள் வைத்திருந்து, வாடை போனதும் அதில்தான் தன் டீயைப் போட்டுக்கொள்வார். "தண்ணி எழுந்துடுச்சா பாய்?" என்று போகிற வருகிற எல்லோரும் கேட்போம். நான் கொஞ்சம் அதிகமாகவே கேட்பேன்.

கேலி செய்தவனுக்கும் ஒரு திங்கட்கிழமை வந்தது.

எங்கள் முன்னாபீஸில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரே ஒரு தங்கமீன், உள்ளங்கை நீளம். வால் மட்டும் உடம்பைவிடப் பெரியது. திரும்பும்போது அந்த வால் துப்பட்டாபோல ஒரு நொடி தாமதித்துத் திரும்பும். முதலாளியின் மகள் வளர்த்த மீன் அது. படிக்க வெளிநாடு போனபோது விட்டுப்போனாள். முதலாளி தினமும் காலையில் மாடிக்கு ஏறுமுன் இரண்டு நிமிடம் தொட்டிக்கு முன்னால் நிற்பார். சாயங்காலம் வீடியோ காலில் மகளிடம் அதைக் காட்டுவார். அப்பாவும் மகளும் பேச வேறு விஷயம் அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. மீனைப் பற்றியே பேசுவார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தொட்டியின் மோட்டார் கரகரவென்று சத்தம் போட்டது. போனில் சென்னையிலிருந்து யாரோ பேசினார், ஒன்றும் காதில் விழவில்லை. தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயில் வடிகட்டிப் பஞ்சு ஒன்று மாட்டியிருக்கும். அதில் அழுக்கு அடைத்திருக்கும் என்று கழற்றினேன். சத்தம் நின்றது. கழுவி மாட்டிக்கொள்ளலாம் என்று பஞ்சைக் காகிதத்தில் சுற்றி டிராயரில் வைத்தேன். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, ஓடிவிட்டேன். நடுவில் ஞாயிறு விடுமுறை.

திங்கள் காலை மீனின் வால் அந்தக் குழாய்க்குள் போயிருந்தது. சுவிட்சை அணைத்ததும் விடுபட்டு, மெல்ல அடியில் போய்ச் சாய்ந்தது. வாலில் பாதி இல்லை. மீதிப் பாதி நார்நாராகக் கிழிந்து, ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பு.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இதுல பஞ்சு இருக்குமே, எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"தொட்டி கழுவுறது எஸ்தரம்மாதான் சார்" என்றார் மேனேஜர்.

ஹவுஸ்கீப்பிங்கில் இருந்த எஸ்தரக்கா கையில் மாப்போடு நின்றிருந்தார். "சனிக்கெழம காலையில கண்ணாடி மட்டுந்தான் தொடச்சேன் சார். பஞ்ச நா தொடவே இல்ல. சத்தியமா." சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், யாராவது சொல்வார்களா என்று. என் முகத்தையும் பார்த்தார். நான் விசிட்டர் நோட்டில் ஏதோ எழுதினேன். என் டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானமே அவரை உப்பு ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பச்சைத் தோல் உப்போடுதான் கம்பெனிக்கு வரும். ஒவ்வொரு தோலாகத் தூக்கி உதற வேண்டும். உப்பு கண்ணில் விழும், நகத்தோரக் கீறலில் இறங்கும். போதாததற்கு மேனேஜர் என்னிடம், "அந்த மீன் போச்சுன்னா அந்தம்மாவையும் வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். மீன் பிழைத்தால் எஸ்தரக்காவுக்கு வேலை, செத்தால் இல்லை. உண்மை தெரிந்தவன் நான் ஒருவன். எனக்கு வாய் வரவில்லை. என் பயந்தாங்கொள்ளித்தனத்தை இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாம் தோல் வைத்தியம். கட்டிங் செக்‌ஷன் ஆள் ஒருவன் குனிந்து பார்த்து, "ஓரம் பிசிறடிச்சிருக்கு சார். நேரா வெட்டி வுட்டா நீட்டாயிடும்" என்றான். ஃபினிஷிங்கில் இருந்து வந்தவர் மேலே ஏதாவது பூசலாமா என்று யோசித்தார். நான் போனில் வீடியோ பார்த்தேன். உப்பு போட்டால் புண் ஆறும் என்றது. உப்புக்கா பஞ்சம்? எங்கள் கம்பெனியில் உப்பு மலையாகக் கிடக்கிறது. ஒரு கவரை எடுத்துக்கொண்டு நேராக உப்பு ஷெட்டுக்குப் போனேன்.

எஸ்தரக்காதான் அள்ளிக் கொடுத்தார். "மீனுக்கா சார்? நல்லா எடுத்துக்கோங்க. பொழச்சுக்கட்டும், பாவம்." அதற்குள்ளாகவே அவர் விரல் நுனிகள் வெடித்திருந்தன.

இரண்டு கை போட்டேன். அரைமணி நேரத்தில் மீன் பக்கவாட்டில் மிதந்தது. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

டிரம் ஷெட்டுக்கு ஓடினேன். ஏன் பாயிடம் ஓடினேன் என்று இன்றும் தெரியவில்லை. அவர் கேட்டுவிட்டு ஓடவில்லை, நடந்தார். மாடிப்படிக்கு அடியிலிருந்து தன் டீத் தண்ணீர் பக்கெட் இரண்டையும் தூக்கிக்கொண்டு, களக் களக் என்று நடந்து வந்தார். தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"எந்த உப்பு சார் போட்டீங்க?"

"நம்ம ஷெட்டு உப்புதான் பாய்."

"தோலு கெடாம இருக்க அதுல மருந்து கலந்திருப்பாங்க. அது செத்த தோலுக்கு சார். இது உசுரோட இருக்குது."

மீனைக் கையால் தொடவில்லை. ஒரு பிளாஸ்டிக் மக்கைச் சாய்த்துக் காத்திருந்து, அது தானாக உள்ளே சரிந்ததும் தூக்கி, டப்பில் ஊற்றிய தன் நேற்றைய தண்ணீருக்குள் மெதுவாக அமிழ்த்தி விட்டார். டப்பின் பாதியைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினார். மூலையைக்கூடச் செருகினார். "தூங்கட்டும்" என்றார். நான் கேலி செய்யவில்லை.

எழுந்தவர் தொட்டிக் குழாயைப் பார்த்தார்.

"பஞ்சு எங்க சார்?"

"தெரியல பாய்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மீன் சாகவில்லை. அவ்வளவுதான் முதல் வாரத்தின் செய்தி. தினமும் ஷிஃப்ட் தொடங்கும் முன் அவர் முந்தின நாள் பிடித்த தண்ணீரோடு வருவார். டப்பில் கால்வாசியை மொண்டு கொட்டிவிட்டு, அதே அளவு புதிதாக விடுவார். தண்ணீர் விழும் சத்தம் கேட்காது, அவ்வளவு மெதுவாக விடுவார். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். கிழக்கு ஜன்னல் வெளிச்சம் டப்பில் விழுந்து மேற்கூரையில் அலையும். சுவருக்கு அந்தப் பக்கம் டிரம்கள் சுழலும் அதிர்வு தரை வழியாக எங்கள் உடம்பில் ஏறும். தண்ணீரின் மேல்பரப்பும் அதற்கேற்ப லேசாக நடுங்கும். மீன் ஓர் இடத்திலேயே நின்று மூச்சு விடும். அந்தக் காலைகளை இப்போது நினைத்தால் ஒரு வாரமா, ஒரு மாதமா, ஒரே நீளமான காலையா என்று பிரிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் கூரையில் அந்த வெளிச்சம் அசைகிறது.

ஒருநாள் அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும்.

"இங்க பாருங்க சார். ஓரத்துல."

சிவப்பு மறைந்திருந்தது. கிழிந்த ஓரத்துக்கு வெளியே, தலைமுடி அளவுக்கு ஏதோ பளபளத்தது. நிறமே இல்லை. வெளிச்சம் பட்டால் இருந்தது, திரும்பினால் இல்லை. கண்ணாடியால் செய்ததுபோல ஒரு புதுச் சவ்வு.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இறங்கிவிட்டது. "இருவது வருஷமா தோல்ல நிக்கிறேன் சார். எத்தனையோ லட்சம் தோலு இந்தக் கையில போயிருக்கும். கிழிஞ்சா கிழிஞ்சதுதான். தானா வளர்ற தோல இப்பதான் பாக்குறேன்."

மறுநாள் அவர் தனியாக வரவில்லை. டிரம் ஷெட் ஆட்கள் நாலு பேரைக் கூட்டிவந்தார். கம்பூட்ஸோடு முன்னாபீஸுக்குள் யாரும் வரக்கூடாது என்பது விதி. தரையெல்லாம் நீலத் தண்ணீர் சொட்ட, அவர்கள் டப்பைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். அவர்கள் போனபிறகு நான்தான் தரையைத் துடைத்தேன். எஸ்தரக்கா இருந்திருந்தால் திட்டிக்கொண்டே துடைத்திருப்பார்.

எஸ்தரக்கா சாயங்காலம் கேட்டில் என்னைப் பார்த்தால் நிற்பார். "எப்படி சார் இருக்குது?"

"வளருதுக்கா."

"தோத்திரம்" என்பார். பத்து விரலிலும் டேப் சுற்றியிருக்கும். அவர் பாட்டுக்குப் பஸ் ஏறிவிடுவார். நான் அந்த விரல்களைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவேன்.

மூன்று வாரத்தில் மீனை, கழுவி நிரப்பிய தொட்டிக்கு மாற்றினோம். புதுப் பஞ்சு மாட்டியிருந்தது. வால் முக்கால்வாசி வந்துவிட்டது. பழைய ஆரஞ்சு நிறம் முடியும் இடத்தில் ஒரு கோடு, அதற்குமேல் வெறும் கண்ணாடி. அதன் வழியாக அந்தப் பக்கத்துக் கல்லும் செடியும் தெரிந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷத்தில் மனிதன் உளறுவான். நானும் உளறினேன்.

"பாய், அந்தப் பஞ்சு என் டிராயர்லதான் இருக்கு."

"தெரியும் சார்."

"முழு வாலும் வந்துடட்டும். முதலாளி குஷியா இருக்குறப்ப சொல்லிடுறேன். அதுவரைக்கும் தூங்கட்டும். நீங்கதான எதையும் தூங்கட்டும்பீங்க?"

சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக நினைத்து அவரைப் பார்த்தேன். அவர் பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"நா வேலைக்கு வந்த புதுசுல ஒரு அடுக்கு தோல ஷெட்டு மூலையில போத்தி வெச்சிட்டு மறந்துட்டோம் சார். ஒரு நாள் வுடணும். ஒரு மாசம் வுட்டுட்டோம். தொறந்து பாத்தா கருப்பு கருப்பா பூசணம். அப்புறம் அத ஒண்ணும் பண்ண முடியல. தூங்க வுடறது வேற, எழுப்ப மறந்துடறது வேற."

மீனைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"ராணிப்பேட்டைல எனக்கு ஒரு தம்பி இருக்கான். அம்மா மவுத்தாகி அடக்கம் பண்ணப்ப எல்லார் எதிர்லயும் ஒரு வார்த்த சொல்லிட்டான். அன்னிக்கே பதில் பேசக் கூடாது, தூங்கட்டும்னு வந்துட்டேன். ஆறு வருஷமாச்சு சார். இங்கருந்து ஒன்றரை மணி நேரம்."

அவர் அப்படி நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பக்கெட்டைத் தூக்கினார்.

"மீனு தூங்கலாம். அந்தம்மா கையி தூங்காது. இன்னிக்கே போங்க சார். இப்பவே."

'இப்பவே' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அன்றுதான் கேட்டேன்.

டிராயரைத் திறந்தேன். பஞ்சு காய்ந்து கல்லாகியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். முதலாளி பஞ்சைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு வாரமா இத வெச்சுக்கினு என் எதிர்ல உக்காந்திருந்தியா?"

"ஆமா சார்."

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் எஸ்தரக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். எஸ்தரக்கா உள்ளே வந்ததும் முதலாளி எழுந்து நின்றார். "தப்பு எங்களுதும்மா. நாளையிலருந்து நீங்க முன்னாபீஸுக்கே வந்துடுங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ கெளம்பு. அவங்க எடத்துல போய் நில்லு. இன்னிக்கே" என்றார். அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

எஸ்தரக்கா என்னைத் திட்டவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. உப்பு ஷெட் வாசலில் தன் ரப்பர் கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "வலது கையில கட்டவெரல் கிட்ட ஓட்ட இருக்குது. அந்த வழியா உப்பு போவும். பாத்துக்கோ" என்றார். அதுவரை என்னை 'சார்' என்றவர் அன்றிலிருந்து 'நீ' என்றார். இன்றுவரை அப்படித்தான்.

நான் அங்கே இரண்டு மாதம் நின்றேன். அதற்குள் பாய் எங்கள் கம்பெனியை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவருடைய பக்கெட்டுகள் மாடிப்படிக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. எஸ்தரக்கா அவற்றில் தண்ணீர் பிடித்து, துணி மூடி, மறுநாள் எடுத்துத் தொட்டிக்கு விடுகிறார். மீனின் வாலில் நிறம் ஏறிவிட்டது. ஆனாலும் அந்தக் கோடு தெரியும், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு.

உப்பு ஷெட்டில் என் முதல் நாள் சாயங்காலம்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கை எரிந்தது. வாசல் படியில் உட்கார்ந்து, எரிகிற விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அவருக்கு அனுப்பினேன்: 'சொல்லிட்டேன் பாய்.' பதில் நாளைக்குத்தானே வரும் என்று போனைப் பைக்குள் போடப் போனேன். போடுவதற்குள் சத்தம் வந்தது. ரோஜாப்பூ இல்லை, வணக்கம் இல்லை. ஒரே வரி.

'ராணிப்பேட்டை பஸ் ஏறிட்டேன் சார்.'